தோல் பொரியும், ஆப்பிள் குழையும்

இங்கிலாந்தின் பழைய சமையலறைகளில் நாய்க்கும் ஒரு வேலை இருந்தது. சுவரில் உயரமாக ஒரு மரச் சக்கரத்தைப் பொருத்தியிருப்பார்கள். குட்டைக் காலும் நீள உடம்பும் கொண்ட நாய் அதற்குள் ஏறி ஓட வேண்டும். நாய் ஓடினால் சக்கரம் சுற்றும். சக்கரத்தோடு கட்டிய கயிறு, அடுப்புக்கு முன்னால் கிடக்கும் நீளமான இரும்புக் கம்பியைச் சுழற்றும். கம்பியில் குத்தியிருக்கும் பன்றித் தொடை மெதுவாக உருண்டுகொண்டே வேகும். 1576இல் லண்டனில் அச்சான, நாய் வகைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில் இந்த நாயும் இருக்கிறது. இன்று அந்த இனமே இல்லை. வேல்ஸில் அபர்கவென்னி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில், பதப்படுத்தி வைத்த ஒரு நாயைப் பார்க்கலாம். அதன் பெயர் விஸ்கி. அந்த வெக்கையில் மணிக்கணக்காக ஓடியிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

எதற்காக இறைச்சியை இப்படிச் சுழற்றினார்கள்? திறந்த நெருப்பின் சூடு ஒரு பக்கமிருந்துதான் வரும். நெருப்பைப் பார்த்த பக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாகவே நிற்கும். இரண்டு பக்கமும் சமமாகச் சூடு வாங்கவே அந்தச் சுழற்சி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரம்ஃபோர்ட் என்ற விஞ்ஞானி, சூடு வீணாகாதபடி நெருப்பை மூடிவைத்து இறைச்சி வாட்டும் அடுப்புகளை வடிவமைத்தார். பிறகு வீட்டுக்கு வீடு ஓவன் வந்தது. ஓவனுக்குள் சூடான காற்று எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்ளும். சுவர்களும் வெப்பத்தை வீசும். இறைச்சியைச் சுழற்ற வேண்டிய தேவையும் போனது.

இங்கிலாந்தில் இப்போதும் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்றால் ரோஸ்ட்தான். அதில் பன்றி இறைச்சி ரோஸ்டுக்கு இரண்டு துணைகள் கட்டாயம் வேண்டும். ஒன்று, கடித்தால் நொறுங்கும்படி பொரிந்த தோல். அதை கிராக்லிங் என்பார்கள். இன்னொன்று, புளிப்பான ஆப்பிள் சாஸ். கூடவே வாட்டிய உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தட்டில் வழிந்த சாற்றில் செய்த குழம்பு எல்லாம் வரும். ஆனால் அறிவியல் கூடிக் கிடப்பது இறைச்சி, தோல், ஆப்பிள் இந்த மூன்றில்தான். உங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சாப்பிடும் வழக்கம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எந்த இறைச்சியே ஆனாலும், காய்கறியே ஆனாலும், அடுப்புக்குள் நடப்பதற்கு ஒரே விதிகள்தான்.

இந்த மூன்றையும் ஒரே கேள்வியால் புரிந்துகொள்ளலாம்: தண்ணீர் எங்கே போகிறது?

கொழுப்பில்லாத பச்சை இறைச்சியில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். ஆப்பிளில் அதைவிடவும் அதிகம். தோலிலும் தண்ணீர் நிறைய இருக்கிறது. நல்ல சமையல்காரர் இறைச்சிக்குள் இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றப் பார்ப்பார். தோலில் இருக்கும் தண்ணீரை விரட்டப் பார்ப்பார். ஆப்பிளில் இருக்கும் தண்ணீரை வெளியே வரவிட்டு, அதிலேயே ஆப்பிளை வேகவைப்பார். ஒரே சமையலறையில், ஒரே நேரத்தில், மூன்று விதமாகத் தண்ணீரை நடத்த வேண்டும். ரோஸ்ட் சமைப்பது கடினம் என்று சொல்வது இதனால்தான்.

முதலில் ஒரு கணக்கு. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக மாற்ற இன்னும் 540 கலோரி வேண்டும். கொதிநிலைக்கு வர ஆனதைப்போல் கிட்டத்தட்ட எட்டு மடங்கு! அதனால் ஒரு பொருளின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை, வந்து சேரும் வெப்பத்தையெல்லாம் அந்த ஈரமே வாங்கிக்கொண்டு ஆவியாகப் போய்விடும். ஓவனுக்குள் 220 டிகிரி இருந்தாலும் ஈரமான இறைச்சியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் காய்ந்த பிறகுதான் சூடு மேலே ஏறும்.

ஏறினால் என்ன ஆகும்? சுமார் 140 டிகிரியைத் தாண்டும்போது இறைச்சியின் நிறமும் வாசனையும் வேகமாக மாறத் தொடங்கும். புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களை உண்டாக்கும். பழுப்பு நிறம் அவற்றிலிருந்து வருகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த வாசனையும் அவற்றிலிருந்துதான். பிரான்ஸைச் சேர்ந்த லூயி கமீல் மையார் என்ற அறிஞர் 1912இல் இதைப் பற்றி எழுதினார். அவர் சமையலை ஆராயவில்லை. உடலுக்குள் புரதம் எப்படி உருவாகிறது என்ற தேடலில், அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தார். கலவை பழுப்பானது. இன்று உலகம் முழுக்க சமையல்காரர்கள் அதை மையார் வினை என்கிறார்கள். பிரெட்டின் மேலோடு, வறுத்த காப்பிக்கொட்டை, முறுகலான தோசை எல்லாவற்றிலும் இந்த வினை உண்டு. தண்ணீரில் வேகவைத்த இறைச்சி வெளிறிப்போய் இருப்பது ஏன் என்பதும் இப்போது விளங்கும். அது 100 டிகிரியைத் தாண்டவே இல்லை.

இனி இறைச்சிக்குள் போவோம். மேலே எவ்வளவு சூடு அடித்தாலும் உள்ளே வெப்பம் ஊர்ந்துதான் போகும். இறைச்சி வெப்பத்தை வேகமாகக் கடத்தாது. அதிலும் ஒரு வினோதம் உண்டு. தடிமன் இரண்டு மடங்கானால், வெப்பம் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரும் நேரம் இரண்டு மடங்காகாது. ஏறக்குறைய நான்கு மடங்காகும். பெரிய துண்டை அவசரப்பட்டுச் சமைத்தால் வெளியே கருகி உள்ளே வேகாமல் போவது இதனால்தான். பொறுமை இல்லாமல் ரோஸ்ட் இல்லை.

நடுப்பகுதி 50 டிகிரியை எட்டும்போது, தசையை இயக்கும் புரதங்களில் ஒன்று சுருண்டு கட்டியாகத் தொடங்கும். 60இலிருந்து 65 டிகிரிக்குள் தசை நார்களைச் சுற்றியிருக்கும் உறைகள் சுருங்கும். சுருங்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிழிபட்டு வெளியே வரும். 70 டிகிரியைத் தாண்டினால் பிழிவது பலமாகும். ஒரு கிலோ இறைச்சியை வாட்டி எடுத்தபின் நிறுத்துப் பார்த்தால் 200 கிராமுக்கு மேல் குறைந்திருப்பது சாதாரணம். போனதில் பெரும்பங்கு தண்ணீர், மீதி உருகிய கொழுப்பு.

ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலிலேயே கடும் சூட்டில் வெளிப்புறத்தைச் சிவக்க வைத்தால், அந்த ஓடு உள்ளிருக்கும் சாற்றைப் பூட்டிவிடும் என்று இன்னமும் பலர் சொல்வார்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் 1847இல் வெளியான தன் நூலில் இப்படி ஒரு கருத்தைச் சொன்னார். அவ்வளவு பெரிய அறிஞர் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டாலே போதும். சிவந்த இறைச்சி தட்டில் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் தண்ணீர் வெளியே வந்து ஆவியாகும் சத்தம். பூட்டியிருந்தால் சத்தம் ஏது? சிவக்க வைப்பது சுவைக்காக. சாற்றைக் காப்பது, நடுப்பகுதி எந்த டிகிரியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

அதனால்தான் இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி எனக்கு மிகவும் பிடித்த சமையல் கருவி. கடிகாரத்தைப் பார்த்துச் சமைப்பதைவிட அது நம்பகமானது. பன்றி இறைச்சியில் அதற்கு இன்னொரு முக்கியமான வேலையும் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு மாணவனின் கதை இருக்கிறது.

1835ஆம் ஆண்டு. லண்டனில் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் ஜேம்ஸ் பேஜெட் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர், வயது 21. பாடத்துக்காக ஓர் இறந்த உடலை அறுத்துக்கொண்டிருந்தபோது தசையெங்கும் சின்னஞ்சிறு வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தார். அவருக்கு முன்பே பலர் அவற்றைப் பார்த்திருக்கிறார்கள். எலும்புத் துணுக்கு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். பேஜெட் விடவில்லை. நுண்ணோக்கி கைவசம் இல்லாததால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே தாவரவியல் அறிஞர் ராபர்ட் பிரௌன் தன் நுண்ணோக்கியைக் கொடுத்தார். தண்ணீரில் மகரந்தத் துகள் நடுங்குவதை ஆராய்ந்த அதே பிரௌன்தான். நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சுருண்டு படுத்திருந்தது ஒரு புழு! ரிச்சர்ட் ஓவன் என்ற உயிரியல் அறிஞர் அதற்குப் பெயர் வைத்தார். இன்று நாம் டிரிக்கினெல்லா என்கிறோம்.

அந்தப் புழு மனித உடலுக்குள் எப்படி வந்தது? 1860இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஃபிரீட்ரிக் சென்கர் என்ற மருத்துவர், நோயுற்று இறந்த ஓர் இளம்பெண்ணின் தசையில் இந்தப் புழுவைக் கண்டு, அவள் சாப்பிட்ட பன்றி இறைச்சி வரை தடம் பிடித்தார். சரியாக வேகாத இறைச்சிதான் வழி. புழுவின் பலவீனமும் பிறகு தெரிந்தது. சூடு 60 டிகிரியை எட்டினால் அது பிழைக்காது. பல பத்தாண்டுகளாக மக்கள் பயந்துபோய்ப் பன்றி இறைச்சியை வறட்டுக் கட்டையாகும்வரை வேகவைத்தார்கள். பண்ணைகள் சுத்தமாகி, இறைச்சிப் பரிசோதனையும் வந்தபின் அந்தப் பயம் குறைந்தது. அமெரிக்க அரசின் விவசாயத் துறை 2011இல் தன் அறிவுரையை மாற்றியது. முழுத் துண்டாக வாட்டும் பன்றி இறைச்சியின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்டி, அதன்பின் மூன்று நிமிடம் ஓய்ந்தால் போதும் என்றது. முன்பு சொன்னது 71 டிகிரி. பிரிட்டன் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கையாக, 70 டிகிரியில் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு மாணவன் அலட்சியப்படுத்தாமல் உற்றுப் பார்த்த புள்ளிகள்தான் இந்த எண்களுக்கெல்லாம் தொடக்கம்.

இறைச்சியின் எல்லாப் பகுதிக்கும் ஒரே டிகிரி பொருந்தாது. முதுகுத் தசை அதிகம் உழைக்காதது. அதில் நாரும் குறைவு. 65, 70 டிகிரியிலேயே மென்மையாக இருக்கும். தோள் பகுதி நாள் முழுக்க உடலைத் தாங்கி நடந்த தசை. அதற்குள் கொலாஜன் என்ற புரதம் வலைபோட்டு இறுக்கியிருக்கும். 70 டிகிரியில் எடுத்தால் தோளை மென்று தீர்க்க முடியாது. குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து, நடுப்பகுதியை 85, 90 டிகிரிக்குக் கொண்டுபோனால் கரண்டி பட்டாலே பிரியும். தண்ணீர் நிறையப் போன பிறகும் அது ஏன் வறளவில்லை? கொலாஜன்தான் காரணம்.

கொலாஜனைப் பற்றிப் பேசினால் இங்கிலாந்தின் சமையலறையிலிருந்து நேராகச் சென்னைக்கு வந்தாக வேண்டும். விலங்குகளின் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலுத்தருவது கொலாஜன். அதன் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்பது 1950களின் தொடக்கத்தில் பெரிய புதிர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். பக்கத்தில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியால் அவருக்குக் கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாண் கிடைத்தது. அதில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் தெளிவான படம் விழுந்தது. அதை வைத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் விடையைக் கண்டார்கள். 1954இல் நேச்சர் இதழில் அது வெளியானது. கொலாஜன் மூலக்கூறு என்பது மூன்று சங்கிலிகள் ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிய அமைப்பு. கயிறு திரிப்பவர் மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்குவாரே, அப்படி. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வரும். முறுக்கின் நடுவில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. உலகின் பெரிய ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருந்த விடை நம் சென்னையில் கிடைத்தது என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை.

புரி முறுக்கேறி இருக்கும்வரை கொலாஜனைப் பல்லால் அறுக்க முடியாது. தண்ணீரும் சூடும் நேரமும் மூன்றும் சேர்ந்தால் முறுக்கு அவிழும். அவிழ்ந்த இழைகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வழவழப்பான ஜெலட்டின் ஆகிவிடும். தோள் இறைச்சியை நனைத்து மிருதுவாக்குவது அந்த ஜெலட்டின்தான். ஆறிய ரோஸ்டின் சாறு தட்டில் கட்டியாக உறைவதைக் கவனித்தால், ஜெலட்டினை நேரிலேயே பார்க்கலாம்.

பன்றித் தோலிலும் கொலாஜன்தான் நிறைந்திருக்கிறது. இங்கே நடப்பது எனக்கு இன்னும் பிடித்த பகுதி.

பச்சைத் தோலைத் தொட்டுப் பார்த்தால் ரப்பர்போல் இழுபடும். அதை நொறுங்க வைக்க இரண்டு கட்டம் வேண்டும். முதல் கட்டத்தில் தண்ணீர் உள்ளே இருக்க வேண்டும். அப்போதுதான் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகும். இரண்டாவது கட்டத்தில் அந்தத் தண்ணீர் போக வேண்டும். வரிசை மாறினால் காரியம் கெடும். முறுக்கு அவிழும் முன்பே தோல் காய்ந்துவிட்டால் அது செருப்புத் தோலாக இறுகிவிடும். ஜெலட்டின் ஆனபின் ஈரம் போகாவிட்டால் பிசுபிசுவென்று பல்லில் ஒட்டும்.

அதனால் சமையல்காரர்கள் முதலில் கூர்மையான கத்தியால் தோலில் நெருக்கமாகக் கோடு கீறுவார்கள். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு உருகி வெளியேற அதுதான் வழி. சிலர் தோல்மேல் கொதிநீரை ஊற்றுவார்கள். பிறகு நன்றாகத் துடைத்து உப்பைத் தேய்ப்பார்கள். உப்பு தோலின் மேல்பகுதியிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். ஓர் இரவு மூடாமல் குளிர்பெட்டியில் வைத்தால் அங்கிருக்கும் வறண்ட காற்று மீதி ஈரத்தையும் உறிஞ்சும். மறுநாள் 220 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு 180க்குக் குறைத்து உள்ளே வேகவிடுவது ஒரு முறை. குறைந்த சூட்டில் தொடங்கிக் கடைசியில் கடும் சூடு கொடுப்பது இன்னொரு முறை. தோள்போல நெடுநேரம் வேகும் துண்டுக்கு இரண்டாவது முறையே சிறந்தது என்பது என் முடிவு. தோலின் முறுக்கு நிதானமாக அவிழ நேரம் கிடைக்கிறது.

கடைசிச் சூட்டில் பார்க்க வேண்டுமே! ஜெலட்டின் ஆன தோலுக்குள் இன்னும் சொற்பமாகத் தண்ணீர் ஒளிந்திருக்கும். சூடு ஏறியதும் அது சட்டென்று ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இளகிய தோலுக்குள் அந்த ஆவி குமிழ் குமிழாக ஊதும். ஊதிய அதே நேரத்தில் சுற்றிலும் இருக்கும் ஜெலட்டின் காய்ந்து கண்ணாடித்தன்மை கொண்டதாக இறுகும். ஆறினாலும் குமிழ்கள் அமுங்காது. கடித்தால் ஆயிரம் சின்னச் சுவர்கள் உடையும் சத்தம்தான் அந்த 'நறுக்'. ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்தை அது திரும்ப வாங்கிக்கொள்ளும். ஓவனிலிருந்து எடுத்த இறைச்சியை இருபது நிமிடமாவது ஓயவிட வேண்டும். அந்த நேரத்தில் தோல்மேல் மூடி போட்டுவிட்டால், தன் ஆவியிலேயே தோல் நமத்துப்போகும்.

இறைச்சி ஓயும் நேரத்தில் சாஸைக் கவனிப்போம். இங்கிலாந்தில் இதற்கென்றே ஓர் ஆப்பிள் இருக்கிறது. பிராம்லி என்று பெயர். பச்சைத் தோல், பெரிய உருவம். பச்சையாகக் கடித்தால் புளிப்பில் கண் மூடிக்கொள்ளும்.

அது பிறந்த கதை அழகானது. நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற சிற்றூர். 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி சில ஆப்பிள் விதைகளை நட்டு வைத்தாள். ஒன்று மரமானது. ஆப்பிளில் ஒரு விசேஷம், விதை போட்டு வளர்த்தால் தாய் மரத்தின் பழமே வரும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு விதையும் புதிய கலப்பு. பெரும்பாலும் உதவாத காய்தான் காய்க்கும். மேரி ஆனின் விதையிலிருந்து அற்புதமான ஒன்று வந்தது. 1846இல் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்பவர் வாங்கினார். அவர் இறைச்சிக் கடைக்காரர்! 1856இல் ஹென்றி மெர்ரிவெதர் என்ற 17 வயது இளைஞர் அந்தப் பழத்தைப் பார்த்து வியந்து, ஒட்டுக் கட்டக் கிளை கேட்டார். தன் பெயரை வைப்பதாக இருந்தால் எடுத்துக்கொள் என்றார் பிராம்லி. அப்படித்தான் பன்றி இறைச்சிக்குத் துணைபோகும் ஆப்பிளுக்கு ஓர் இறைச்சிக் கடைக்காரரின் பெயர் அமைந்தது. விதை போட்டவளின் பெயர் அதில் இல்லை. நீங்களாவது மேரி ஆனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகில் இருக்கும் பிராம்லி மரங்கள் எல்லாம் அந்த ஒரே மரத்தின் ஒட்டு வாரிசுகள். சாதாரண ஆப்பிளின் செல்லில் 34 குரோமோசோம்கள், பிராம்லியில் 51. ஒரு தொகுதி கூடுதல். இந்த ஒற்றைப்படைக் கணக்கால் அதன் மகரந்தம் மற்ற மரங்களுக்குப் பெரிதாக உதவாது. அதனால் தோட்டக்காரர்கள் பிராம்லி நடும்போது பக்கத்தில் வேறு இரண்டு வகை ஆப்பிள்களையும் நடுவார்கள். முதல் மரம் புயலில் சாய்ந்து, தரையில் கிடந்தபடியே மீண்டும் துளிர்த்து, இருநூறு வயதையும் தாண்டியது. பூஞ்சை நோய் தாக்கியதால், நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அதன் திசுவை எடுத்து ஆய்வகத்தில் புதிய கன்றுகளை வளர்த்திருக்கிறார்கள்.

சாஸ் செய்வது எளிது. தோல் சீவிய ஆப்பிள் துண்டுகளோடு இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் சேர்த்து மூடி, பத்து நிமிடம் மெல்லிய தீயில் வைத்தால் போதும். பிராம்லி நுரைபோல் பொங்கிக் கூழாகிவிடும். மசிக்க வேண்டிய தேவையே இருக்காது. ஆப்பிளின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் அது கரைந்து பிடியை விடும். ஆப்பிளின் பருமனில் சுமார் கால் பங்கு காற்று. ஆப்பிள் தண்ணீரில் மிதப்பது அதனால்தான். அந்தக் காற்றும் செல்லுக்குள் இருக்கும் நீரும் சூட்டில் விரிந்து, பிடி தளர்ந்த செல்களைத் தள்ளிப் பிரிக்கும். செல்லின் சாறு வெளியே வந்து கரைந்த பெக்டினோடு கலந்து கெட்டியான கூழாகும். வெண்ணெய் கொஞ்சம், சர்க்கரை கொஞ்சம், அவ்வளவுதான்.

அந்தப் புளிப்புக்குக் காரணம் மாலிக் அமிலம். 1785இல் ஸ்வீடனின் கார்ல் ஷீல, ஆப்பிள் சாற்றிலிருந்தே அதைப் பிரித்தெடுத்தார். புளிப்பு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அமிலம் கொழுப்பை அப்படிக் கரைக்காது. நாக்கில் புளிப்பு பட்டதும் உமிழ்நீர் பெருகும். கொழுப்பு படிந்து மந்தமான வாய் கழுவிவிட்டதுபோல் ஆகும். அடுத்த வாய் முதல் வாய்போலவே ருசிக்கும். பன்றியும் ஆப்பிளும் தட்டில் சேர்ந்ததற்குப் பருவமும் ஒரு காரணம். இலையுதிர் காலத்தில் தோட்டத்தில் உதிர்ந்த பழங்களைப் பன்றிகள் மேயும். அவற்றை இறைச்சிக்காக வெட்டுவதும் குளிர் தொடங்கும் அந்த நாட்களில்தான். பன்றி எதை மேய்கிறது என்பது அதன் இறைச்சியிலும் தெரியும். அது தின்னும் தீனியின் கொழுப்பு பெரும்பாலும் மாறாமலே அதன் உடல் கொழுப்பில் சேரும். மாட்டின் வயிற்றில் நுண்ணுயிரிகள் தீனியின் கொழுப்பை மாற்றிவிடுகின்றன. பன்றிக்கு அப்படி ஓர் இடைத்தரகர் இல்லை. ஸ்பெயினில் ஓக் கொட்டை தின்று வளரும் பன்றியின் இறைச்சி அவ்வளவு மென்மையாக இருப்பது இதனால்.

பிராம்லி நம் ஊர்க் கடையில் கிடைக்காது. ஆனால் ஒரு சோதனையை வீட்டில் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்யலாம். கடையில் கிடைக்கும் ஏதாவது ஓர் ஆப்பிளை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு சின்னப் பாத்திரத்தில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் கெட்டியான சர்க்கரைப் பாகு. இரண்டிலும் பாதிப் பாதித் துண்டுகளைப் போட்டு ஒரே அளவு தீயில், ஒரே நேரம் வேகவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முள்கரண்டியால் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். தண்ணீரில் வெந்தது சீக்கிரம் குழையும். பாகில் வெந்தது வடிவம் குலையாமல் வெகுநேரம் நிற்கும். சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொள்வதால் பெக்டின் எளிதில் கரைவதில்லை. ஆப்பிள் சாஸுக்குச் சர்க்கரையை முதலில் போட வேண்டுமா, கடைசியில் போட வேண்டுமா என்பதை உங்கள் குறிப்பைப் பார்த்து நீங்களே சொல்லிவிடலாம். அடுத்த முறை வேறு வகை ஆப்பிளிலும் பேரிக்காயிலும் செய்து பாருங்கள். எது முதலில் குழைகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று பட்டியல் போடுங்கள்.